மாஸ்டரின் பல்லை உடைத்தது அருவி அல்ல

எங்கள் ஊர்க் கலை மன்றத்தின் ஆண்டு மலரில் அதன் தலைவர் சிவசுப்பிரமணியன் பொய் எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதியதல்ல, தெரிந்தே எழுதியது. பேண்டு செட் சாலமோன் மாஸ்டர் "மது மயக்கத்தில் குற்றால அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து முன்பற்களை இழந்தார், அத்துடன் தம் ஒப்பற்ற இசை வாழ்வையும் இழந்தார்" என்று அதில் இருக்கிறது. மாஸ்டர் குடிக்கிறவர் இல்லை. அவர் பல் போன நேரத்தில் அருவி பல மைல் தள்ளி அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. இது சிவசுப்பிரமணியனுக்குத் தெரியும். அவருடைய கல்யாண ஊர்வலத்தில்தான் அந்தப் பல் போனது. அவர் மாப்பிள்ளைக் கோலத்தில் காரில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். என் பெயர் முத்தையா. அந்த செட்டில் சைடு டிரம் அடித்தவன்.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. அந்தக் காலத்துக் குற்றாலம் சீசன், பங்களாக் கச்சேரிகள், பேண்டு வாத்தியம், இதைப் பற்றியெல்லாம் சுவையாக நாலு பக்கம் எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன். சுவை இருக்குமா என்று தெரியாது.

மலர் வெளியான மேடையில் நானும் இருந்தேன். "மூத்த தாளக் கலைஞர்" என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் சிவசுப்பிரமணியன்தான். மலரை மடியில் வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கிறவன் சொன்ன பக்கமெல்லாம் திரும்பிச் சிரித்தேன். மடியில் இருந்ததைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தால், மாஸ்டரைப் பற்றிய கட்டுரை ஒரு பக்கம், எதிர்ப்பக்கத்தில் என் படம். புத்தகத்தை மூடினால் என் மூஞ்சி அந்தப் பொய்யின் மேல் போய்ப் படிகிறது.

அந்த வாரமே மாஸ்டரின் மகள் எஸ்தர் மேலகரத்திலிருந்து வந்தாள். அவளும் இப்போது பேத்தி எடுத்தவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மலரை என் முன்னால் வைத்தாள்.

"சித்தப்பா, இதுல உங்க படமும் இருக்கே."

நான் இன்னும் படிக்கவில்லை என்றேன்.

"என் பேத்தி படிச்சிட்டா. எங்க பூட்டன் பெரிய டிரம்பெட்காரருன்னு காலேஜுல கூட்டாளிகளுக்குக் காட்ட ஆசையா கொண்டு போனா. இப்ப அவள தண்ணி வண்டின்னு கூப்பிடுதாளுவளாம். ஆச்சி, இது நெசமான்னு என்கிட்ட கேக்கா. நான் என்ன சொல்ல?"

அவள் போன பிறகுதான் படித்தேன். பொன்னாடையை மடித்து அலமாரிக்குள் வைத்திருந்தேன். எடுத்துக் கொல்லைக் கொடியில் போட்டேன். மழையில் நனையட்டும்.

இனி தொழிலைச் சொல்கிறேன்.

நான் தென்காசிக்கு வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். என் அப்பா கோயில் கொடைகளுக்குப் பம்பை அடித்தவர். அதனால் அடி என் ரத்தத்திலேயே ஊறியிருந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். பலகையில் அடித்துப் பழகினேன், மணிக்கட்டு வீங்கியது, ஒரு நாள் அடி கைக்கு வந்தது. சாலமோன் மாஸ்டர் செட்டில் சேர்த்துக்கொண்டார். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் கயிறு, தொப்பி, ஷூ. ஷூ எனக்கு ஒரு சைஸ் பெரியது. முன்னால் துணியைத் திணித்துக்கொண்டு நடப்பேன்.

மாஸ்டர் குட்டையான ஆள். பட்டாளத்து பேண்டில் கொஞ்ச காலம் ஊதிவிட்டு ஊருக்கு வந்தவர். "நல்லா அடிச்சே" என்று யாரிடமும் ஒரு நாளும் சொன்னதில்லை. தப்பாக அடித்தாலும் திட்ட மாட்டார், திரும்பியும் பார்க்க மாட்டார். இடது தோள் மட்டும் லேசாக ஏறும். ஊர்வலத்தில் நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் போவோம். தோள் ஏறினால் அது யாருக்கு என்று அடித்தவனுக்குத் தெரியும். மறுநாள் செட்டில் உள்ள பித்தளை முழுவதையும் புளியும் செங்கல் பொடியும் போட்டு அவன்தான் விளக்க வேண்டும். விரலிடுக்கில் புளி அரிக்க அரிக்க விளக்கியவன் மறுபடி அந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

டிரம்பெட்டில் விரலால் அழுத்தும் கட்டைகளுக்கு அவர் தையல் மெஷின் எண்ணெய்தான் விடுவார். தேங்காய் எண்ணெய் விட்டவனை அடிக்கப் போயிருக்கிறார், பிசுக்குப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்று. உதட்டுக்கு வெண்ணெய். ஊதுகிற நாளில் மிளகாய் கிடையாது, தயிர்ச்சோறுதான். கல்யாண வீட்டில் நாங்கள் பின்கட்டில் உட்கார்ந்து கறி தின்னும்போது அவர் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு எங்களை முறைப்பார். குடியைப் பற்றி ஒரே வார்த்தை. குடிச்சா உதடு தளரும், உதடு தளர்ந்தா சுரம் தளரும். கிளாரினெட்காரன் ஒருவன் சிவகிரிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் போட்டுவிட்டு வந்தான். ஊர்வலத்தின் நடுவிலேயே கோட்டைக் கழற்றச் சொல்லி, பனியனோடு பஸ் ஏற்றி அனுப்பினார். அந்த மனுஷனைத்தான் மது மயக்கம் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஊர்வலத்தில் விடலைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஊதுகிறவன் முன்னால் நின்று எலுமிச்சம்பழத்தைக் கடித்து உறிஞ்சிக் காட்டுவார்கள். பார்க்கிறவனுக்கு வாயில் எச்சில் ஊறும், சுரம் குழறும். மாஸ்டர் அதற்கெல்லாம் அசைய மாட்டார். பாட்டை முடித்துவிட்டு, "ஏலே, உப்பும் கொண்டாந்திருக்கலாம்லா" என்பார். கடித்தவன் ஓடிவிடுவான்.

சீசன் வந்தால் எனக்குத்தான் கஷ்டம். சாரலில் டிரம் தோல் தொய்ந்துபோகும். அடித்தால் ஈரச் சாக்கை அடித்த மாதிரி இருக்கும். ஒரு தகர டப்பாவில் தேங்காய்ச் சிரட்டைக் கங்கைப் போட்டு வைத்துக்கொண்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தோலைக் காட்டிக் காட்டி எடுப்பேன். அதிகம் காட்டினால் கிழியும். குற்றாலத்துப் பங்களாக்களில் சீசனுக்கு வந்து தங்கும் பணக்காரர்களுக்கு நாங்கள் இப்படித்தான் வாசித்தோம். அவர்கள் உள்ளே, நாங்கள் முற்றத்துத் தகரக் கொட்டகையில்.

அந்தப் பங்களாக்களில் ஒன்றில், புனலூர்ப் பக்கத்து எஸ்டேட் முதலாளி ஒருவர் கிராமபோன் வைத்திருந்தார். நாங்கள் சோறு தின்னும் நேரத்தில் பிளேட்டு போடுவார். ஒரு நாள் போட்டது அமெரிக்காவில் கறுப்பு மனுஷர்கள் பாடியது. பாடுகிறவன் கெஞ்சுகிறானா திட்டுகிறானா என்று தெரியவில்லை. பின்னால் குழல்காரர்கள் இழுத்து ஊதவில்லை. வெட்டி வெட்டி ஊதினார்கள், ஆளை அதட்டுகிற மாதிரி. மாஸ்டர் சோற்றுக் கையோடு எழுந்து போய் ஜன்னலடியில் நின்றார். கூரைத் தண்ணீர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. முதலாளி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மாஸ்டருக்கு இஷ்டப்பெட்டு, அல்லே?" என்று மலையாளத்தில் கேட்டு மறுபடியும் அதையே போட்டார். அதற்காக அவருக்குப் புண்ணியம் உண்டு.

திரும்பி வந்த மாஸ்டர் என்னிடம் கேட்டார்.

"உங்கய்யா அடிச்ச அடிதானலே இது?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொடையில் சாமி இறங்குவதற்குச் சற்று முன்னால் பம்பை நொண்டி நொண்டி வருமே, அந்த அடி.

"நம்ம அடிதான். கப்பல்ல போயி சுத்திட்டு வந்திருக்கு" என்றார்.

அதிலிருந்துதான் "வெட்டு" வந்தது. ஜனங்கள் வைத்த பெயர் அது. சைடு டிரம்மில் என் அப்பாவின் பம்பை அடியை அடித்தேன். பெரிய டிரம் ஒரு மயிரிழை பிந்தி விழும். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் நீட்டாமல் துண்டு துண்டாக ஊதும். இதையெல்லாம் எந்த செட்டும் பார்த்துப் பழகிவிடலாம். பழக முடியாதது ஒன்று இருந்தது. எட்டு எண்ணிக்கை உள்ள ஒரு சுற்றில் ஆறு முடிந்ததும் எல்லாரும் நிறுத்திவிடுவோம். ஏழும் எட்டும் சும்மா. திரும்ப ஒன்றில் எல்லாரும் ஒரே குத்தாக விழுவோம். ஆடுகிறவன் தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கும். சில சமயம் ஒரு சுற்று முழுவதையுமே சும்மா விட்டுவிடுவோம். கூட்டம் தவித்துப்போகும். அப்போது யாராவது பொறுக்க முடியாமல் கை தட்டி, "விடுங்கய்யா" என்று கத்துவார்கள். விடுவோம். தெருவே குதிக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் புளியங்குடியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் வெட்டு வாசிக்காமல் ஒரு கல்யாணத்திலும் எங்களை விட்டதில்லை.

சிவசுப்பிரமணியன் தம் கட்டுரையில் இந்த நிறுத்தத்தை "மௌனத்தின் பேரழகு" என்று எழுதியிருக்கிறார். அது எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டவர்களிடம் இத்தனை காலமும் "பயிற்சிதான்" என்று சொல்லி வந்தேன்.

ஒரு கல்யாணம் பேசினால் வெற்றிலை பாக்கு வைப்பார்கள். அதோடு வீட்டுக்காரரின் ஆள் ஒருவர், எங்கெங்கே இறக்க வேண்டும் என்று சொல்வார். இன்ன தெரு, இன்னார் வீட்டு வாசல், இன்ன மடத்து முகப்பு. அந்த இடம் வந்ததும் வாத்தியத்தை வாயிலிருந்து இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே சத்தமில்லாமல் நடந்து, அந்த இடத்தைத் தாண்டிய பிறகு மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். எங்கள் செட்டில் அந்தத் தெருக்களில் செருப்போடு நடக்கலாம் என்று பிறந்தவன் ஒருவனும் இல்லை. கல்யாணக் காரும் பூவும் சீர்வரிசைத் தட்டும் சத்தமாகச் சிரித்துக்கொண்டு போகும். நாங்கள் மட்டும் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, களவாடிவிட்டு வருகிறவர்களைப் போல நடப்போம். வேறு ஊர் செட்டுகளும் இப்படித்தான் நடந்தன. தொழிலில் இது பேச்சே இல்லை. மழை வந்தால் நனைவது மாதிரி.

மாஸ்டர் வலது கையைத் தாழ்த்தினால் இறக்கு. உயர்த்தினால் ஏத்து.

இறக்கி நடக்கும்போது சும்மா நடந்தால் மனசு என்னவோ ஆகிவிடும். தலை தானாகக் குனியும். மாஸ்டர் அதற்கு ஒரு வேலை கொடுத்தார். பாட்டை நிறுத்தாதே, சத்தத்தை மட்டும் நிறுத்து என்றார். உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே வர வேண்டும். தெரு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரமும். தாண்டி ஷூவை மாட்டியதும் அவர் கை உயரும், எந்த எண்ணிக்கையில் உயர்ந்தாலும் அடுத்த ஒன்றில் எல்லாரும் விழ வேண்டும். முதலில் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சிதறினோம். அவர் தோள் ஏறி ஏறி இறங்கியது. போகப் போக எங்கள் ஏழு பேருக்கும் ஒரே எண்ணிக்கை ஆகிவிட்டது. எண்ணுகிறவன் தலை குனிவதில்லை, அவனுக்கு வேலை இருக்கிறது. அப்படிப் பழகியதுதான் வெட்டில் வரும் அந்த ஏழும் எட்டும். பேரழகு என்கிறார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படித்த பாடம் அது.

சிவசுப்பிரமணியன் கல்யாணம் அறுபதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதத்தில் நடந்தது. தென்காசிக்குக் கிழக்கே ஓர் ஊர். பெயரை எழுதவில்லை, அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் அதற்குப் பொறுப்பில்லை. அவர் பாளையங்கோட்டையில் காலேஜில் படித்தவர். குற்றாலத்தில் எங்கள் வெட்டைக் கேட்டுவிட்டு, எங்கள் கொட்டகைக்குத் தாமாகவே வந்தார். பெரிய வீட்டுப் பையன் அங்கே வருவதே அதிசயம். பெரிய டிரம்மின் மேல் உட்காரப் போனார், மாஸ்டர் பதறிப்போய் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"மாஸ்டர், உங்க வெட்டு இல்லன்னா நான் தாலி கட்ட மாட்டேன். மாமாகிட்டயே சொல்லிட்டேன்" என்றார்.

எங்களுக்குப் பெருமையாக இருந்தது. நல்ல பையன் என்று நினைத்தோம். இப்போதும் அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை.

அவர் போன பிறகு, அவருடைய தாய்மாமனின் கணக்குப்பிள்ளை வெற்றிலை பாக்கோடு வந்து, எங்கே இறக்க வேண்டும் என்று சொன்னார். ஒரே ஓர் இடம். அந்தத் தாய்மாமன் வீட்டு வாசல். இந்தப் பேச்சு நடக்கும்போது மாப்பிள்ளை அங்கே இல்லை. இருக்க வேண்டிய தேவை அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

ஊர்வலம் கோயிலிலிருந்து பொழுது சாய்கிற நேரத்துக்குக் கிளம்பியது. லேசான தூற்றல். பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றித் தலையில் தூக்கியிருந்தார்கள். மேல்மூடி திறந்த காரில் மாப்பிள்ளை, முன்னால் இளவட்டங்களின் ஆட்டம், அதற்கு முன்னால் நாங்கள். வெட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. என் டிரம் அன்றைக்கு நல்ல இறுக்கத்தில் இருந்தது.

தாய்மாமன் வீட்டு முகப்பு வந்தது. பெரிய வீடு, நீளமான வாசல். மாஸ்டர் வலது கையைத் தாழ்த்தினார். இறக்கினோம். தொப்பி, ஷூ, எல்லாம். குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷூவைக் கையில் எடுத்தேன். நடந்தோம். எண்ணிக்கொண்டு நடந்தோம்.

பின்னால் கை தட்டல் கேட்டது.

காரிலிருந்து மாப்பிள்ளை தட்டினார். சரியாக எங்கள் எண்ணிக்கையிலேயே தட்டினார், அவ்வளவு கேட்டுப் பழகியிருந்தார். நாங்கள் வேண்டுமென்றே சும்மா விட்டுத் தவிக்க வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் தொப்பியும் ஷூவும் எங்கே இருந்தன என்று அவர் பார்க்கவில்லை. நாங்கள் அவமானப்பட்டுக்கொண்டு நடந்தது அவருக்குத் தாளமாகத் தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த அவருடைய காலேஜ் கூட்டாளிகளும் சேர்ந்து தட்டினார்கள்.

"ரொம்பக் காக்க வைக்காதிய மாஸ்டர், விடுங்க" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

ஊர்வலத்தில் மாப்பிள்ளை சொல்தான் உத்தரவு. எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஆள் கிடையாது. மாஸ்டர் திரும்பிக் காரைப் பார்த்தார். பிறகு அந்த வாசலைப் பார்த்தார். தாய்மாமன் படியில் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் டிரம்பெட்டை எடுத்து வாயில் வைத்தார். உத்தரவுக்காக மட்டும்தான் வைத்தாரா? நான் அப்படி நினைக்கவில்லை. எத்தனை வருஷமாக எத்தனை வாசல்களில் இறக்கியவர். ஒரு வாசலிலாவது ஊத வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்கும். ஒன்று வரும் வரை காத்திருந்து, சரியாக ஒன்றில் ஊதினார். தனியாக ஊதினார். நாங்கள் ஆறு பேரும் சேரவில்லை. எங்கள் கையில் ஷூ இருந்தது.

தாய்மாமன் படி இறங்கி வந்தார். வேகமாகக்கூட வரவில்லை. வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் டிரம்பெட்டின் விரிந்த வாயில் ஒரே அடி. அடி விழுந்தது வாத்தியத்தின் மேல்தான். அதன் மறுமுனை மாஸ்டரின் வாயில் இருந்தது.

"என் வாசல்ல எவன்லே ஊதுனது?" என்று கேட்டார். எதிரில் நின்றவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

மாஸ்டர் குனிந்து கையில் துப்பினார். மேல்வரிசை முன்பல் இரண்டும் உதட்டுத் துண்டும் இருந்தன. சிவப்புக் கோட்டில் ரத்தம் தெரியவில்லை. நான் காரைப் பார்த்தேன். மாப்பிள்ளைதானே சொன்னார், நான்தான் ஊதச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் மாலையைச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இதைவிட வெட்கக்கேடு. கல்யாண ஊர்வலம் சத்தமில்லாமல் போனால் அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். தாய்மாமன், "அங்கன தாண்டிப் போயி அடிங்க. ஊமையாப் போவக்கூடாது" என்றார். மாஸ்டர் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு முன்னால் நடந்தார். வாசல் முடிந்த இடத்தில் ஷூவை மாட்டிக்கொண்டோம், அவர் வலது கை உயர்ந்தது. ஏத்து. அடுத்த ஒன்றில் விழுந்தோம். பெண் வீடு வரைக்கும் டிரம்பெட் இல்லாமல் வெட்டு வாசித்தோம். அன்றைக்கு ஒரு பிசிறு கிடையாது. ஒரு பிசிறாவது தட்டியிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கணக்குப்பிள்ளைதான் ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் ஏறிக்கொண்டேன். எப்படி அடிபட்டது என்று அங்கே கேட்டார்கள். குற்றாலத்தில் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று கணக்குப்பிள்ளை சொன்னார். மாஸ்டர் தலையை ஆட்டினார். நான் வாயைத் திறந்தேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார். கணக்குப்பிள்ளை அதோடு விடவில்லை. "கொஞ்சம் போட்டிருந்தாரு" என்று சேர்த்துச் சொன்னார். அப்போது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஆட்டவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு அவர் தலையை ஆட்டவில்லை.

பிறகு பஞ்சை வாயில் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஏலே, ஆறு குடும்பம் சோறு திங்கணும். சும்மா இரி."

சும்மா இருந்தோம். அந்த வட்டாரத்தில் கல்யாணம் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தத் தாய்மாமனுக்கு வேண்டியவர்கள். ஆனால் சும்மா இருந்து ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. மாஸ்டர் பல் கட்டிக்கொண்டு ஊதிப் பார்த்தார். காற்று பக்கவாட்டில் ஓடியது, கட்டிய பல் ஆடியது. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவார். வெளியே உட்கார்ந்திருக்கும் எங்களுக்குக் கேட்கும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். கிறிஸ்துமஸுக்கு அவருடைய சபையில் வருஷா வருஷம் அவர்தான் செட்டை நடத்துவார். குடித்துவிட்டு விழுந்தவர் என்ற பேச்சு அங்கேயும் போய்விட்டது. அந்த வருஷம் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். பல் போனபோது நிமிர்ந்து நடந்தவர், அதற்குத்தான் உடைந்தார். சபைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் மூட்டை ஏற்றுகிற லாரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்து, அறுபதுகள் முடியும் முன்பே இறந்துபோனார்.

செட் கலைந்தது. நான் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். அங்கே வெட்டை வாசித்துக் காட்டினேன், பிடித்துக்கொண்டார்கள். "குற்றால பீட்" என்று பெயர் வைத்துக் குழு குழுவாக எடுத்து வாசித்தார்கள். எனக்குக் கிடைத்த பேர் அத்தனையும் அதனால் கிடைத்ததுதான். அந்தப் பொன்னாடை உள்பட.

எஸ்தர் வந்து போன பிறகு நான் சிவசுப்பிரமணியன் வீட்டுக்குப் போனேன். நல்ல மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை. மாஸ்டர் கொட்டகையில் ஸ்டூல் போட்டதைக்கூடச் சொன்னார். மாஸ்டர் மேல் உள்ள மரியாதையால்தான் கட்டுரையே எழுதினேன் என்றார். மாமா தருமம் செய்தவர், அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, இப்போது போய் அதைக் கிளற வேண்டுமா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் மாஸ்டரே ஒத்துக்கொண்டதைத்தானே எழுதினேன் என்றும் சொன்னார்.

நான் கேட்டேன், "அண்ணாச்சி, நீங்க கை தட்டுனதையும் எழுதியிருக்கலாம்லா?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நானா? கை தட்டுனேனா? எனக்கு அப்படி ஞாபகம் இல்லயே முத்தையா" என்றார்.

ஸ்டூல் ஞாபகம் இருக்கிறது. அது ஞாபகம் இல்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்து, என்ன வேண்டுமென்றாலும் நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், அடுத்த மலரில் மாஸ்டர் படத்தைப் பெரிதாகப் போடலாம் என்றார். பெரிய படம் வேண்டாம்.

சிவசுப்பிரமணியன் அவர்களே, இனி உங்களுக்கே நேராக எழுதுகிறேன். மாஸ்டர் சொன்ன பொய் ஆறு குடும்பத்துக்குச் சோறு போடுவதற்காக. அதிலும் குடியை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் எழுதிய பொய் யாருக்குச் சோறு போடுகிறது? உங்கள் மாமா அடித்தார். அவரிடம் இனி கேட்க முடியாது. உங்களிடம் கேட்கலாம். உங்கள் கூட்டாளிகள் எங்கே இருக்கிறார்களோ தெரியாது, எங்கள் செட்டில் நான் ஒருவன்தான் மிச்சம். நான் சொன்னால் தாளக்காரன் சொல்கிறான் என்பார்கள். நீங்கள் சொன்னால் ஊர் நம்பும். அதனால்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலில் என்னிடம் சொல்ல வேண்டாம். ஆள் விட்டும் சொல்ல வேண்டாம். எந்த மேடையில் அந்த மலரை வெளியிட்டீர்களோ அந்த மேடையில் ஏறி, எஸ்தரும் அவள் பேத்தியும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இரண்டே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சாலமோன் மாஸ்டர் குடித்திருந்தாரா? அந்த வாசலில் அவரை ஊதச் சொல்லிக் கை தட்டியது யார்?